உழவாரமும் மம்மட்டியும்

வெட்டினால் மறுபடி முளைக்கும் என்று தெரிந்தே வெட்டுகிற வேலையை வாழ்நாளெல்லாம் செய்திருக்கிறேன். ரயில்வேயில் பாதைப் பராமரிப்புப் பிரிவு. கோடம்பாக்கம், மாம்பலம், சைதாப்பேட்டை என்று தண்டவாளத்தின் இரு புறமும் மண்டுகிற செடிகொடிகளை ஆள் வைத்து அகற்றுவது என் பொறுப்புகளில் ஒன்று. ஓய்வு பெற்று மந்தைவெளியில் குடியிருக்கும் இப்போதும், ஞாயிற்றுக்கிழமைகளில் உழவாரக் குழு ஒன்றோடு கோயில்களுக்குப் போகிறேன். அங்கே பிராகாரக் கல்லிடுக்கில் புல், மதில் வெடிப்பில் அரசங்கன்று. இடம்தான் மாறியதே தவிர வேலை மாறவில்லை.

இந்த வேலை எனக்குள் ஒரு கேள்வியை விதைத்துவிட்டது. முளைப்பது உயிர். அதை வெட்டுவது அந்த உயிருக்குச் செய்யும் கேடு. கேடு செய்தாவது வேலை முடிகிறதா என்றால் அதுவும் இல்லை. ஐப்பசி மழை நாலு நாள் பிடித்துப் பெய்தால் கரையெல்லாம் பழையபடி பச்சை. பாவமும் சேர்ந்து, பலனும் நிலைக்காத ஒரு காரியத்தை நம் சைவ மரபு ஏன் தொண்டுகளில் உயர்ந்ததாக வைத்தது? அத்தனை பதிகம் பாடிய திருநாவுக்கரசரின் திருமேனியில் ஏட்டையும் எழுத்தாணியையும் வைக்காமல், புல் செதுக்கும் உழவாரத்தை வைத்தது ஏன்?

ரயில் கரையில் செடி வெட்டுவது பார்வைக்குச் சுத்தமாக இருக்க என்று பலர் நினைக்கிறார்கள். காரணம் அதைவிட ஆழத்தில் இருக்கிறது. ஸ்லீப்பர் கட்டைக்கு அடியில் முக்கால் அடியிலிருந்து ஓரடி உயரத்துக்கு ஜல்லி கொட்டியிருக்கும். ரயிலின் பாரத்தைப் பரத்தி மண்ணுக்கு இறக்குவதும், மழைத்தண்ணீரைத் தேங்கவிடாமல் வடிப்பதும் அந்த ஜல்லிதான். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் காலி இடம் இருக்கிறவரைக்கும்தான் அது ஜல்லி. அருகம்புல் ஒரு கணு உள்ளே போனால் போதும். கணுவுக்குக் கணு வேர்விடும், வேர் தூசியைப் பிடிக்கும், தூசி மண்ணாகும், மண் தண்ணீரைப் பிடிக்கும். பிறகு ஒவ்வொரு ரயில் போகும்போதும் கட்டை அமுங்கி எழ, அடியிலிருந்து சேறு பீய்ச்சிக்கொண்டு மேலே வரும். அந்த இடத்தில் தண்டவாளம் மட்டம் இறங்கும். ஒரு கல்லைத் தூக்கிப் பார்த்தால் அதன் அடியில் வெயில் படாமல் வெளுத்த அருகந்தண்டு, நரம்பு போல ஓடிக்கொண்டிருக்கும். இது தவிர, வளைவுகளில் சிக்னலை மறைக்கும் ஆமணக்கு உண்டு. மின்கம்பத்தில் ஏறி 25,000 வோல்ட் கம்பியை எட்டப் பார்க்கும் கொடிகள் உண்டு. சித்திரை வெயிலில் காய்ந்து தீப்பிடிக்கும் சருகு உண்டு. கடற்கரை–தாம்பரம் தடம் 1931-லேயே மின்சாரத்துக்கு மாறியது. அன்றிலிருந்து இன்றுவரை இந்த வெட்டு வேலைக்கு ஓய்வு கிடையாது.

ஆனால் அதே ரயில்வேக்குப் புல் வேண்டியும் இருக்கிறது. சைதாப்பேட்டையைத் தாண்டி அடையாற்றுப் பாலத்தை நெருங்கும்போது பாதை மண்மேட்டின் மேல் போகும். அந்த மாதிரிக் கரையின் சரிவில் புல் இல்லாவிட்டால் ஒரே மழைக்காலத்தில் மண் அரித்து ஓடை விழுந்துவிடும். அதனால் புதுக் கரை போட்டால் சரிவில் புல்பத்தை பதிப்பது வழக்கம். ஒருமுறை, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் ஒருவன் உற்சாகத்தில் சரிவையும் சேர்த்துச் செதுக்கிக்கொண்டே போனான். கூட இருந்த மேட், அதாவது குழுத் தலைவர், அவனை நிறுத்தினார். செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர், கேங்மேனாகச் சேர்ந்து முடி நரைத்தவர். "தம்பி, அத விட்டுடுப்பா. அது கரையப் புடிச்சிக்கிட்டு நிக்குது. இங்க வா, இது கல்லப் புடிச்சிருக்குது, இத எடு" என்றார். இரண்டும் அதே அருகம்புல். நடுவே ஒரு முழ தூரம் இருந்தால் அதிகம்.

புல்லில் நல்ல புல், கெட்ட புல் கிடையாது என்பது அந்த வார்த்தையில் எனக்குப் புரிந்தது. எது எதைப் பற்றியிருக்கிறது என்பதுதான் கேள்வி. பின்னாளில் நான் படித்த பல வியாக்கியானங்களுக்கு அந்த மேட் சொன்னதுதான் எனக்கு உரைகல்.

அப்பர் என்று நாம் அழைக்கும் திருநாவுக்கரசரிடம் வருகிறேன். பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள், கபாலீசுவரர் கோயில் மாடவீதிகளில் அறுபத்துமூவர் உலா வரும்போது, கூட்டத்தில் நின்று அவரைத் தேடிப் பார்ப்பேன். தோளில் சாய்ந்த உழவாரத்தை வைத்து எளிதில் அடையாளம் தெரியும். அவர் வாழ்க்கையில் நாம் அதிகம் யோசிக்காமல் கடந்துபோகிற இடம் ஒன்று உண்டு. திருவாமூரில் பிறந்த மருள்நீக்கியார், பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியில் தருமசேனர் என்ற பெயரோடு தலைமை நிலையில் இருந்தவர். சமணத் துறவி மண்ணைத் தோண்டலாகாது; பசும்புல்லை மிதிக்கலாகாது. உட்காரும் இடத்தில் இருக்கும் சிற்றுயிருக்கும் நோகாமல் ஒதுக்குவதற்காகவே கையில் மயிற்பீலி. சூலை நோய் வாட்ட, அந்தப் பீலியையும் குண்டிகையையும் பாயையும் விட்டுவிட்டு, வெண்துணி உடுத்தி, இரவோடு இரவாகத் தமக்கை திலகவதியாரிடம் திருவதிகைக்கு அவர் போனதைச் சேக்கிழார் சொல்கிறார். அங்கே தமக்கை செய்துகொண்டிருந்தது கோயிலை அலகிடுவதும் மெழுகுவதும். தம்பி கையில் எடுத்தது உழவாரம்.

புல்லை மிதிக்கவும் அஞ்சியவரின் கை, புல்லைச் செதுக்கும் கருவியை எடுத்தது. இது சாதாரண மாற்றமா? ஒரு சமயத்திலிருந்து இன்னொன்றுக்குப் போனார் என்று ஒரே வரியில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. புல்லுக்கு உயிர் உண்டு, உணர்வு உண்டு என்பது அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். தொல்காப்பியமும் புல்லையும் மரத்தையும் ஓரறிவு உயிராகத்தான் வைக்கிறது. அந்த அறிவைப் பீலியோடு சேர்த்து அவர் தூக்கி எறிந்திருக்க முடியாது. தெரிந்தே உழவாரம் எடுத்தார் என்பதுதான் விஷயம்.

சமணத்தைக் குறைத்துப் பேச இதைச் சொல்லவில்லை. மயிலாப்பூர் ஒரு காலத்தில் சமணருக்கும் புண்ணியத் தலம். இங்கே கோயில்கொண்டிருந்த நேமிநாதர் பெயரால்தான் குணவீர பண்டிதர் தம் இலக்கண நூலுக்கு நேமிநாதம் என்று பெயரிட்டார். சமணம் துறவிக்கு ஒரு நெறியும் இல்லறத்தாருக்கு ஒரு நெறியும் வகுத்தது. உழுது பயிரிட்டு உண்கிறவன் ஓரறிவு உயிரை அறவே வருத்தாமல் இருக்க முடியாது. தேவைக்கு மேல் வருத்தாதே என்பதே அவனுக்கு விதித்த விரதம். துறவியின் கையில் விழும் கவளத்துக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் களையெடுத்த வயல் இருக்கிறது. பயிர் வாடக் கண்டு உள்ளம் வாடிய வள்ளலாரை நினைத்துக்கொள்கிறேன். அந்தப் பயிர் தழைக்க வேண்டுமென்றாலும் ஒருவர் குனிந்து களை பறித்தாக வேண்டும். ஒருவருடைய கை சுத்தமாக இருக்க, இன்னொருவர் கை மண்ணாகிறது.

அப்பர் அந்த இன்னொருவராக இருக்க முன்வந்தார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். என்னால் எதற்கும் கேடு வரக்கூடாது என்பது பீலியின் அறம். வருகிறவர் காலில் முள் தைக்கக்கூடாது என்பது உழவாரத்தின் அறம். முதலாவது உயர்ந்தது. இரண்டாவதைச் செய்ய ஆள் இல்லாவிட்டால் முதலாவது நிற்க இடம் கிடையாது. பாவம் என்று ஒன்று ஒட்டுமானால் அது என் கையிலேயே ஒட்டட்டும் என்று ஏற்றுக்கொள்வதும் தொண்டுதான். தொண்டுகளில் கடினமானதும் அதுதான்.

ஏற்றுக்கொள்வது என்றால் மரத்துப்போவது ஆகாது. மாம்பலம் பக்கத்தில் எருக்கம்புதர் ஒன்றை வெட்டும்போது மேட் கத்தியை நிறுத்தி ஓர் இலையைத் திருப்பிக் காட்டினார். கறுப்பும் வெளுப்பும் மஞ்சளுமாக வரியிட்ட புழுக்கள். முதுகில் மூன்று ஜோடி கறுப்பு இழைகள். பக்கத்து இலையின் அடியில் வெளிர்பச்சைக் கூட்டுப்புழு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. எருக்கம்பால் மற்றப் பூச்சிகளுக்கு ஆகாது. இந்தப் பட்டாம்பூச்சிக்கோ எருக்கிலைதான் பிள்ளை வளர்க்கும் இடம். ஓர் எருக்கு என்பது ஓர் உயிரோடு போகிற கணக்கு இல்லை. அவர் அந்தக் கிளைகளை மட்டும் தனியாக நறுக்கி, சரிவுக்குக் கீழே வேலியோரம் நின்ற இன்னோர் எருக்கின் மேல் சாத்திவைத்தார். பிறகு புதரை அடியோடு வெட்டினார். வெட்டாமல் விடவில்லை, சிக்னல் மறைகிறது, வெட்டித்தான் ஆகவேண்டும். ஆனால் வெட்டுவதற்கு முன் பார்த்தார். அந்தப் பார்வை இருக்கிற கைக்கு நான் உழவாரம் கொடுப்பேன். இல்லாத கைக்குக் கொடுக்கத் தயங்குவேன்.

அடுத்தது அரச மரம். பறக்கும் ரயில் 1995-ல் சேப்பாக்கம் வரையும் 1997-ல் திருமயிலை வரையும் வந்தது. 2004-ல் திருவான்மியூரையும் 2007-ல் வேளச்சேரியையும் தொட்டது. பக்கிங்காம் கால்வாயை ஒட்டிப் போகும் அதன் கான்கிரீட் தூண்களை அண்ணாந்து பார்த்தால், மழைநீர்க் குழாய் வாயிலும் இணைப்பு இடுக்கிலும் அரசங்கன்றுகள் தெரியும். கடுகைவிடச் சிறிய விதை. மைனாவும் காகமும் குயிலும் பழத்தைத் தின்று எச்சத்தோடு விட்டுப்போனது. மண்ணே இல்லாத இடத்தில் நூல் போன்ற வேரை விரிசலுக்குள் விட்டு, இரண்டு இலையோடு நிற்கும். அப்போது விரலால் எடுத்துவிடலாம். விட்டுவிட்டால் அந்த நூல் பருத்து, ஆப்பு வைத்தாற்போல் சுவரைப் பிளக்கும். மேலே மட்டும் வெட்டினால் அடுத்த மழைக்கு இரட்டிப்பாகத் துளிர்க்கும். கோபுரங்களில் குடமுழுக்குத் திருப்பணியின்போது வேரைத் தேடிப் பிடித்து எடுப்பதற்கே தனிப் பாடுபட வேண்டியிருக்கிறது.

அரசு வணங்குகிற மரம். அடியில் பிள்ளையாரும் நாகரும் வைத்துச் சுற்றி வருகிறோம். அதை வெட்டலாமா என்று எங்கள் குழுவில் புதிதாக வரும் ஒவ்வொருவரும் தயங்குகிறார்கள். பகவத் கீதை இந்தத் தயக்கத்தை நேராகச் சந்திக்கிறது. பத்தாம் அத்தியாயத்தில், மரங்களுக்குள் தான் அரசு என்கிறான் கண்ணன். பதினைந்தாம் அத்தியாயத்தில், வேர் மேலும் கிளை கீழுமாக நிற்கும் அரச மரத்தைச் சம்சாரத்துக்கு உருவமாகக் காட்டி, நன்றாக வேரூன்றிய அந்த மரத்தைப் பற்றின்மை என்னும் ஆயுதத்தால் வெட்டு என்கிறான். தானே என்று சொன்ன மரத்தையே வெட்டச் சொல்கிறான். எனக்கு இதில் முரண்பாடு தெரியவில்லை. வணக்கத்துக்குரியதை வெட்ட வேண்டிய இடம் வரும். வரும்போது பகையோடு வெட்டாதே, ஆசையோடும் வெட்டாதே என்பதாகப் படுகிறது. ஆயுதத்தின் பெயரே பற்றின்மை. அந்த ஆயுதம் இல்லாமல் வேறு எதை எடுத்துக்கொண்டு போனாலும், மரம் விழலாம், மனசு சிக்கிக்கொள்ளும்.

இறைவன் அப்பரைச் சோதித்ததும் இந்தப் பற்றின்மையில்தான். திருப்புகலூரில் அவர் உழவாரப்பணி செய்துகொண்டிருந்தபோது, செதுக்கிய இடத்திலெல்லாம் பொன்னும் நவமணியும் கிடக்கும்படி இறைவன் செய்தான் என்கிறது பெரிய புராணம். அவர் அவற்றையும் பருக்கைக் கல்லோடு கல்லாக உழவாரத்தில் ஏந்திக் குளத்தில் எறிந்தார். பொன்மேல் ஆசை இல்லை என்று இதைச் சுருக்கிச் சொல்லிவிடுவார்கள். ஜல்லியோடு நாள் கழித்த எனக்கு இன்னொன்றும் தெரிகிறது. அவர் பார்வை வேலையிலேயே இருந்தது. நடக்கிறவர் காலை உறுத்துவது எதுவாக இருந்தாலும் அகற்ற வேண்டும், பொன்னும் உறுத்தும்.

இனி, மறுபடி முளைப்பதைப் பற்றி. பலன் நிலைக்காத வேலை வீண் என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது? ஒருமுறை செய்தால் இனிச் செய்யவே வேண்டாம் என்ற ஆசையிலிருந்து வருகிறது. கோயிலில் நேற்றுச் சாத்திய மாலையை இன்று காலை களைகிறார்கள். அதற்காக நேற்றைய பூசை வீணாகிவிடவில்லை. செடி மறுபடி முளைப்பது நம் வேலைக்கு விழுந்த தோல்வியும் கிடையாது. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் இந்த ஊர் மரங்களை முறித்துப் போட்டபின், தி.நகரிலும் அடையாறிலும் மொட்டையாக நின்ற அடிமரங்களில் துளிர் வருகிறதா என்று நாமெல்லாம் ஏங்கிப் பார்த்தோம். அடையாறு பிரம்மஞான சபை ஆலமரத்தின் தாய்மரம் 1989-ல் புயற்காற்றில் சாய்ந்தது. விழுதுகள் ஊன்றி நின்றதால் மரம் இன்றும் இருக்கிறது. ரயில் கரையில் நம்மை ஓயவிடாத அதே சக்திதான் அங்கே நம்மைக் காப்பாற்றியது. அதற்கு முடிவு கட்ட வேண்டும் என்று நினைப்பதே பிசகு.

முடிவு கட்ட நினைக்கும்போதுதான் களைக்கொல்லி வருகிறது. சீமைக்கருவேலத்தை வேரோடு எடுக்கச் சொல்லி 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டபோது ஊரெல்லாம் அதே பேச்சாக இருந்தது. வேர்க்கட்டை மண்ணில் மிஞ்சினால் அது மீண்டும் தழைக்கும் என்பதும், ஆடுமாடு காயைத் தின்றால் விதை சாணத்தோடு ஊர் ஊராகப் பரவும் என்பதும் உண்மைதான். எடுக்க வேண்டிய இடத்தில் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் மருந்துக்குக் கரையைப் பிடித்த புல்லும் கல்லைப் பிடித்த புல்லும் ஒன்று. அந்த ஒரு முழ வித்தியாசம் அதற்குத் தெரியாது. கடைசியில் மழையோடு கால்வாயில் போய்ச் சேரும். இயந்திரம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். வைகாசி வெயிலில் ஜல்லியின் மேல் குனிந்து நிற்பது என்ன பாடு என்று எனக்குத் தெரியும். அந்த வேலையில் ரயில் மோதி உயிர்விட்ட கேங்மேன்கள் உண்டு. அவர்கள் முதுகு நிமிர எந்தக் கருவி வந்தாலும் வரவேற்பேன். கருவி வரும்போது மேட் சொன்ன விவேகம் போய்விடக்கூடாது, அவ்வளவுதான்.

இன்னொரு எல்லையையும் சொல்லியாக வேண்டும். கொடியவரை அரசன் தண்டிப்பதைப் பயிருக்குக் களையெடுப்பதோடு ஒப்பிடுகிறார் வள்ளுவர். செங்கோன்மையில் அவர் சொன்னது கொலைத் தொழில் செய்யும் கொடியவரைப் பற்றி. நம் காலத்தில் அந்த உவமை அங்கே நிற்காமல், ஏழைகள் மேல் போய் விழுகிறது. கால்வாய் ஓரத்திலும் ரயில் பாதை ஓரத்திலும் குடிசை போட்டவர்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினார்கள். அவர்களில் சிலர் திரும்பி வந்தபோது, "எத்தனை தடவை எடுத்தாலும் மறுபடி முளைச்சிடறாங்க" என்று படித்தவர்கள் பேசக் கேட்டிருக்கிறேன். அவர்கள் பூ விற்பது, வீட்டுவேலை செய்வது, மீன் விற்பது எல்லாம் மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும். வாழ்வு இருக்கும் இடத்துக்கு மனிதர் வருகிறார்கள். புல்லை எடுக்கும்போதே கை தயங்க வேண்டும் என்றால், மனிதரை எடுப்பதைப் புல்லை எடுப்பதுபோல் பேசுவது அடுக்காது. உழவாரத்துக்கு வேலை உள்ள இடம் பாதை. குடியிருப்புக்குள் அதற்கு வேலை இல்லை.

ஆக, உழவாரப்பணிக்கு வரும் இளைஞர்கள் பாவமா, வீணா என்று கேட்டால் என் பதில் இது. கேடு உண்டு, இல்லை என்று சொல்லி மனதை ஆற்றிக்கொள்ள வேண்டாம். அதனால் தேவைக்கு மேல் ஒரு புல்லையும் எடுக்காதீர்கள். எடுப்பதற்கு முன் அது எதைப் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். வீண் என்பது மட்டும் கிடையாது. அப்பர் எண்பத்தொரு வயதில் இறைவனடி சேர்ந்த தலம், அதே திருப்புகலூர். கடைசிக் காலத்திலும் உழவாரம் அவர் கையில்தான் இருந்தது. பணியை முடித்துக் கருவியைக் கீழே வைத்த பிறகுதான் முத்தி என்று இருந்திருந்தால், அவருக்கு அது கிடைத்தே இருக்காது. பணி தொடர்ந்துகொண்டிருந்த காலத்திலேயே கிடைத்தது. மாம்பலத்திலும் சைதாப்பேட்டையிலும் ஜல்லியில் குனிந்து நிற்கிறவர்கள் செய்வதும் அதே பணிதான் என்று நான் நம்புகிறேன். மாடவீதியில் அப்பர் வரும்போது நாம் கூப்புகிற கைக்கு, அவர்களும் உரியவர்கள்.